மானியம் யார் வீட்டுப் பணம்?

11,635 கோடி ரூபாய்!

இந்தத் தொகையை நினைவில் வைத்திருக்கிறீர்களா, தோழர்களே? 2014 ஜூலை 10-ஆம் நாள், பாராளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தைப் படித்த அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி, தூத்துக்குடி வெளித்துறைமுகத்தின் முதற்கட்டப் பணிக்கு ஒதுக்கப்படும் என்று உரைத்த தொகை அது. கேட்டோம், மகிழ்ந்தோம். தெற்குச் சீமைக்கும் திசை திறந்தது என்று எண்ணினோம்.

ஆண்டுகள் உருண்டன. 2024 பிப்ரவரி 28-ஆம் நாள் பிரதமர் நரேந்திர மோடி தூத்துக்குடிக்கு வந்து, அந்த வெளித்துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். அப்போது சொல்லப்பட்ட மதிப்பு ஏறத்தாழ 7,056 கோடி. பஞ்சு விலை ஏறிற்று, டீசல் விலை ஏறிற்று, பருப்பும் புளியும் ஏறிற்று. அந்தப் பத்தாண்டில் விலை இறங்கிய பண்டம் ஒன்றே ஒன்றுதான் — தூத்துக்குடிக்கு அளித்த வாக்குறுதி! திட்டத்தை மாற்றி வகுத்தனர், பணியைப் பகுதி பகுதியாகப் பிரித்தனர், ஆகவே தொகை மாறிற்று என்று விளக்கம் தரக்கூடும். தரட்டும். ஒதுக்கப்படும் என்று ஓதியதற்கும் அடிக்கல் நாட்டியதற்கும் இடையே பத்தாண்டுக் காலம் ஓடிப்போனதற்கு விளக்கம் எது?

நடந்ததை நடந்ததென்று ஒப்புவதில் நமக்குக் கூச்சமில்லை. 2024 செப்டம்பர் 16-ஆம் நாள், பழைய துறைமுகத்தின் உள்ளேயே புதிய கண்டெய்னர் முனையம் ஒன்று திறக்கப்பட்டிருக்கிறது. 300 மீட்டருக்கு மேல் நீளமும், 14 மீட்டருக்கு மேல் ஆழமும் உடைய கப்பல் தளம் அது. நல்ல பணி. ஆயினும் வெளித்துறைமுகம் வேறு. இன்றுள்ள அலைதடுப்புச் சுவர்களுக்கு அப்பால் கடலுக்குள் சென்று, 1,000 மீட்டர் நீளமுள்ள முனையங்கள் இரண்டை அமைத்து, உலகப் பெருவழியில் செல்லும் தாய்க்கப்பல்களை நம் கரைக்கே அழைக்கும் திட்டம் அது. முன்னதைக் காட்டிப் பின்னதை மறக்கச் செய்ய முயல்வோர் உண்டு. மறந்துவிடாதீர்கள்.

"துறைமுகம் தூத்துக்குடிக்காரர் கவலை, மலையடிவாரத்து இராஜபாளையத்தில் இருக்கும் எமக்கென்ன?" என்று கேட்கும் தோழர் எவரேனும் இருப்பின், அவரை அழைத்துக்கொண்டு பஞ்சாலை வாயிலுக்குச் செல்லுங்கள். அங்கே வந்து நிற்கும் லாரியிலிருந்து இறங்கும் பேலைக் காட்டுங்கள்.

கரிசல் மண்ணில் பஞ்சு விளைந்தது. அருகிலேயே ஆலை எழுந்தது. 1936-இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா தொடங்கிய இராஜபாளையம் மில் அந்த வழியில் வந்ததுதான். இன்று அந்தக் கரிசல் தரும் பஞ்சு ஆலைகளின் பசிக்கு ஒரு கவளமும் ஆகாது. குஜராத்திலிருந்தும், மராட்டியத்திலிருந்தும், தெலங்கானாவிலிருந்தும் பேல்கள் வருகின்றன. நீண்ட இழைப் பஞ்சு கடல் கடந்து வருகிறது. 2021 பிப்ரவரியில் வெளிநாட்டுப் பஞ்சின்மீது மத்திய சர்க்கார் சுங்கம் விதித்தது. எல்லாம் சேர்ந்து 11 சதவீதம். 2022-இல் சில மாதம் விலக்கிற்று, மீண்டும் விதித்தது, 2025 ஆகஸ்ட் 19 முதல் அவ்வாண்டு முடியும்வரை மறுபடியும் விலக்கிற்று. கடலோரத்தில் காற்று மாறுவதுபோல் டெல்லியில் சுங்கம் மாறுகிறது! அந்தக் காற்றுக்கு ஏற்பப் பாய் விரிக்கப் பெரிய ஆலை கற்றுக்கொள்ளும். சத்திரப்பட்டித் தறிக்காரர் என் செய்வார்?

சத்திரப்பட்டியையும் சமுசிகாபுரத்தையும் நீங்கள் அறிவீர்கள். நாட்டின் மருத்துவமனைகளில் புண்ணுக்குக் கட்டும் துணி — பேண்டேஜ் துணி — அங்கே தறிகளில் ஓடுகிறது. தளவாய்புரத்தில் வீடுதோறும் தையல் இயந்திரம் ஓடுகிறது. அங்கே தைத்த நைட்டி எந்த எந்த ஊர்ச் சந்தையிலோ விற்கிறது. இவர்களில் பலர் துறைமுகத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் நூலின் விலையில் பஞ்சின் கப்பல் கூலி அடங்கியிருக்கிறது; துணியின் விலையில் நூலின் லாரி வாடகை அடங்கியிருக்கிறது. வெளிநாட்டுக்குச் செல்லும் சரக்காயின், துறைமுகம் சேரும் வாடகை, அங்கே காத்திருக்கும் வாடகை, சிறு கப்பலில் கொழும்பு சேரும் கூலி, அங்கே இறக்கிப் பெருங்கப்பலில் ஏற்றும் கூலி எனப் படிப்படியாக ஏறும். வாங்குபவன் உலகச் சந்தை விலைக்கு மேல் ஒரு காசும் தரமாட்டான். ஏறிய செலவை யார் தலையில் இறக்குவது? கப்பல்காரன் தலையிலா? வங்கியின் தலையிலா? கூலிப் பேச்சு நடக்கும் நாளில் தறிக்காரரிடம் "சந்தை சரியில்லையப்பா" என்று சொல்லப்படுகிறதே, அந்தச் சொல்லுக்குள் பாதி துறைமுகக் கணக்கு ஒளிந்திருக்கிறது.

கொழும்பு என்றோம். அதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் கடற்பெருவழி இலங்கைக்குத் தெற்கே, நமக்கு எட்டிப் பார்க்கும் தொலைவில் செல்கிறது. பல்லாயிரம் கண்டெய்னர்களைச் சுமந்து வரும் தாய்க்கப்பல்கள் ஆழமுள்ள இடத்தில்தான் நிற்கும். கொழும்பு ஆழம் தோண்டிற்று. 18 மீட்டர் ஆழமுள்ள முனையம் அங்கே 2013-இல் இயங்கத் தொடங்கிற்று. இன்று ஆண்டுக்கு 70 இலட்சம் கண்டெய்னர் அளவுக்கு மேல் கையாள்கிறது. அதில் பெரும்பகுதி மாற்றி ஏற்றும் சரக்கு; அந்த மாற்றுச் சரக்கிலும் பெரும்பகுதி இந்தியாவினுடையது. இந்தியாவின் மாற்றுச் சரக்கில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் கைமாறுகிறது என்று மத்திய சர்க்காரே சொல்கிறது. கொழும்பின்மீது நமக்குக் காழ்ப்பில்லை; அங்கே பாரம் இறக்குவோரிலும் நம் மொழி பேசுவோர் உண்டு. சின்னஞ்சிறு நாடு செய்த முதலீட்டை, பாரத நாடு தன் தென்முனையில் செய்ய ஏன் இத்தனை தயக்கம் என்பதே நம் கேள்வி.

தயக்கம் இன்று நேற்று வந்ததன்று, தோழர்களே.

1906-இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்ற கப்பல்களை வாங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டினார். வெள்ளையர் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, இறுதியில் இலவசமாக ஏற்றிச் செல்லவும் துணிந்தது, பயணிக்குக் குடை கொடுத்ததாகவும் சொல்வர். சரக்குக் கட்டணம் என்பது கணக்கப்பிள்ளையின் ஏட்டில் உறங்கும் எண் அன்று; அதனால் ஒரு தொழிலைக் கொல்லலாம், ஒரு தேச இயக்கத்தையே ஒடுக்கலாம். 1908-இல் சிதம்பரனார் சிறை புகுந்தார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

விடுதலை வந்தது. தூத்துக்குடியில் கப்பல்கள் கரைக்குச் சில மைல் அப்பால் நங்கூரமிட்டு நின்றன. சரக்கு தோணியில் ஏறி அலையில் ஆடிச் சென்றது. 1955-இல் ஏ. இராமசாமி முதலியார் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. சேதுக் கால்வாயும் தூத்துக்குடித் துறைமுகமும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்று அக்குழு அறிக்கை தந்தது. கால்வாய்க்கு அன்று அது கணித்த செலவு 998 இலட்சம் ரூபாய். பத்துக் கோடிக்கும் இரண்டு இலட்சம் குறைவு! அந்தக் கால்வாய்ப் பணி 2005 ஜூலை 2-இல் மதுரையில் தொடங்கி வைக்கப்பட்டபோது மதிப்பு 2,400 கோடியைத் தாண்டியிருந்தது. 2007-இல் நீதிமன்றத் தடையால் நின்றுபோயிற்று. தாமதம் என்பதும் ஒரு செலவினம். அதற்குத் தனித் தலைப்பிட்டு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் எவரும் எழுதுவதில்லை.

துறைமுகம் மட்டும் எப்படிக் கிடைத்தது? 1967-இல் ஆட்சிப் பொறுப்பேற்ற சில மாதங்களில், ஜூலையில், முதலமைச்சர் அண்ணா 'எழுச்சி நாள்' நடத்தும்படி அறைகூவல் விடுத்தார். சேலத்துக்கு இரும்பாலை, தூத்துக்குடிக்குத் துறைமுகம், சேதுவுக்குக் கால்வாய் — மூன்றையும் கேட்டு ஊரூராய் மக்கள் திரண்டனர். 1974 ஜூலை 11-இல் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாகத் தூத்துக்குடி அறிவிக்கப்பட்டது. கடலுக்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இரு கற்சுவர்களுக்கிடையே உருவான செயற்கைத் துறைமுகம் அது. 2011-இல்தான் அதற்கு வ. உ. சி. பெயர் சூட்டப்பட்டது. இன்று ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கு கையாள்கிறது.

இனி மானியத்தின் கணக்குக்கு வருவோம். கூட்டத்தில் பேசும் தோழர்கள் இந்தப் பகுதியை இருமுறை படிக்க வேண்டுகிறோம். நம் மேடைகளில் மிகவும் தவறாகப் பேசப்படுவது இதுதான்.

"7,056 கோடி தந்தார்கள்" என்று ஒரு தரப்பு முழங்குகிறது. "ஒன்றும் தரவில்லை" என்று மறு தரப்பு முழங்குகிறது. இரண்டும் முழுமையன்று. இந்நாளில் பெருந்துறைமுகப் பணி பெரும்பாலும் தனியார் முதலோடு சேர்த்தே வகுக்கப்படுகிறது. நாட்டுக்குத் தேவையான பணி, ஆனால் தொடக்க ஆண்டுகளில் இலாபம் போதாது, தனியார் முன்வரமாட்டார். அந்தப் பள்ளத்தை நிரப்ப அரசு தரும் தொகைதான் மானியம். 2006 முதல் நடப்பில் உள்ள மத்திய திட்டத்தின்படி, மொத்தச் செலவில் 20 சதவீதம் வரை மத்திய சர்க்கார் தரலாம். பணிக்குப் பொறுப்பான அமைச்சகமோ, மாநிலமோ மேலும் 20 சதவீதம் வரை தரலாம். ஆகவே, அறிவிப்பில் வரும் பெருந்தொகை வேறு, மக்கள் வரிப்பணத்திலிருந்து வெளிவரும் தொகை வேறு. இதையன்றி, சாகர்மாலா என்ற பெயரில் 2015-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ், கரையோரக் கப்பல் தளம் போன்ற சிறு பணிகளுக்குச் செலவில் பாதிவரை நேர் உதவி தருவதும் உண்டு. "அறிவிப்பு எவ்வளவு?" என்று கேட்பவர் கைதட்டுவதற்காக வந்தவர். "மானியம் எவ்வளவு, எந்த ஆண்டு, எந்த நிபந்தனையில்?" என்று கேட்பவரே கழகத் தொண்டர்.

நிபந்தனை என்பதை அழுத்திச் சொல்கிறோம். ஏன் என்று அறிய ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் போதும். விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு மத்திய சர்க்கார் தர இசைந்த பள்ளம் நிரப்பும் தொகை 817.80 கோடி. ஆனால் அதைத் துறைமுக வருவாயில் மாநிலத்துக்குக் கிடைக்கும் பங்கிலிருந்து திருப்பித் தரவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. திருப்பிச் செலுத்த நேரும் தொகை 10,000 கோடிக்கும் மேலாகும் என்று கேரள அரசு கணக்கிட்டுக் காட்டி எதிர்த்தது. நெடுநாள் வாதாடியும் பயனின்றி, 2025 ஏப்ரலில் அதே நிபந்தனையில் ஒப்பந்தம் எழுதிற்று. அதே ஆண்டு மே 2-ஆம் நாள் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கொடுப்பதற்கு மானியம் என்று பெயர்; வாங்குவதற்குப் பெயர் மட்டும் வேறு!

தூத்துக்குடிக்கு அத்தகைய நிபந்தனை இல்லையே என்று கேரளம் கேட்டது. அந்த ஒப்பீட்டைக் கேட்டு நாம் பூரித்துப்போக வேண்டியதில்லை. அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையைப் புரட்டுங்கள்: பெருந்துறைமுகங்கள் மத்தியப் பட்டியலில் 27-ஆம் இனம், ஏனைய துறைமுகங்கள் பொதுப்பட்டியலில் 31-ஆம் இனம். விழிஞ்ஞம் மாநிலத்தின் துறைமுகம். ஆகவே அங்கே தரும் பணத்துக்குப் பத்திரம் எழுதி வாங்குகிறார்கள். தூத்துக்குடி மத்திய சர்க்காரின் துறைமுகம். அதன் வருவாய் ஏற்கெனவே அவர்கள் கையில் உள்ள அமைப்புக்குத்தான் செல்கிறது. தன் வலச் சட்டைப்பையிலிருந்து இடச் சட்டைப்பைக்கு மாற்றுவதற்கு எவன் பத்திரம் எழுதுவான்? அண்டை மாநிலத்தின் வழக்கு நம் வழக்கும்தான். நாளை தமிழ்நாடு தன் சிறு துறைமுகம் ஒன்றை விரிவாக்க முனைந்தால், அதே பத்திரத்தை நம்முன் நீட்டமாட்டார்கள் என்பதற்கு உறுதி ஏது?

நூல் விற்ற வரியும், சிவகாசித் தீப்பெட்டியும் பட்டாசும் ஈட்டிய வரியும், திருவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்குபவர் செலுத்தும் வரியும் சென்று சேரும் கருவூலத்திலிருந்துதான் மானியம் வருகிறது. வாங்கும்போது குனிந்து வாங்க வேண்டிய பொருள் அன்று அது.

துறைமுகம் ஒருபுறம் இருக்கட்டும். சரக்கு அங்கே போய்ச் சேரும் வழியைப் பாருங்கள். இராஜபாளையத்தில் இரயில் நிலையம் உண்டு, விருதுநகர்–தென்காசி மீட்டர் பாதை 2004-இல் அகலப் பாதையாயிற்று, மின்கம்பியும் வந்தது. ஆனால் இன்னும் ஒற்றைத் தடம். அதில் ஒரு வேகன் சரக்கைத் தூத்துக்குடிக்கு அனுப்பினால் என்ன ஆகும்? வடக்கே விருதுநகர் சென்று, திரும்பித் தெற்கே கோவில்பட்டி, மணியாச்சி வழியாக வரவேண்டும். அல்லது தெற்கே தென்காசி சென்று, கிழக்கே திருநெல்வேலி வந்து, மணியாச்சி ஏறவேண்டும். துறைமுகம் இருப்பது தென்கிழக்கே! மூக்கைத் தொடத் தலையைச் சுற்றும் வித்தை இது. ஆகவே எல்லாச் சரக்கும் லாரியில் ஏறுகிறது. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியே தூத்துக்குடிக்கு 143.5 கிலோமீட்டர் புதிய இரயில் பாதை என 2011-12-இல் அனுமதித்த திட்டத்தில், தூத்துக்குடிப் பக்கம் மீளவிட்டானிலிருந்து மேல்மருதூர் வரை 18 கிலோமீட்டர் போட்டார்கள். மீதிக்கு நிலமும் நிதியும் யார் பொறுப்பு என்ற வழக்காடல்தான் மிகுதி.

சாலையின் நிலை சற்று மேல். கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையில், திருமங்கலத்திலிருந்து இராஜபாளையம் வரையிலான 71 கிலோமீட்டரை நான்கு வழியாக்கும் பணி எடுத்துக்கொள்ளப்பட்டது. இராஜபாளையத்துக்குத் தெற்கே செங்கோட்டை வரையிலான பகுதிக்கோ, நன்செய் வயல்களின் ஊடே கோடு கிழித்தார்கள், உழவர்கள் எதிர்த்தார்கள். எதிர்த்தது முறையே. கண்மாய்ப் பாசன வயலை வெட்டித்தான் லாரி செல்லவேண்டும் என்று எந்தச் சாத்திரமும் விதிக்கவில்லை. பழைய சாலையை அகலப்படுத்தும் வழியை முதலில் ஆராயட்டும். மேலும், இவையெல்லாம் வடக்கும் தெற்குமாகச் செல்லும் சாலைகள். துறைமுகத்துக்குச் செல்லும் கிழக்குத் திசைச் சாலைகள் மாநில அரசினுடையவை. டெல்லியைக் கேட்கும் நாவால் சென்னையையும் கேட்கத்தான் வேண்டும். அதில் நட்புக்கு இடமில்லை.

இதனிடையே விருதுநகர் மாவட்டம் இ. குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பெரும் ஜவுளிப் பூங்கா அமையவிருக்கிறது. 2023 மார்ச்சில் ஒப்பந்தமாகி, 2025-இல் 1,894 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. வரவேற்கிறோம். ஆனால் பூங்காவுக்குள் இடம் பிடிக்கும் பெரிய ஆலை கண்டெய்னர் கண்டெய்னராய் அனுப்பும். சத்திரப்பட்டியில் பத்துத் தறி வைத்திருப்பவரின் சரக்கு ஒரு கண்டெய்னரை நிரப்பாது. பலர் சரக்கை ஒன்று சேர்த்து ஏற்றினால்தான் கூலி கட்டும். சேர்த்து வைக்கவும், சுங்கப் பரிசோதனையை இங்கேயே முடிக்கவும் ஒரு பொதுச் சரக்குக் கொட்டகை இராஜபாளையத்துக்கு வேண்டும். கோடிக் கணக்கில் பேசும் திட்டத்தில் இது கடுகு. ஆயினும் தறிக்காரருக்குத் துறைமுகத்தின் வாயில் இந்தக் கொட்டகைதான்.

கடலோரத்தாரையும் மறந்து பேசலாகாது. வெளித்துறைமுகம் எழும் கடல், மீன் பிடிப்போரின் கடல். 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் அண்டைக் கடல். பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால் வான் தீவு எப்படித் தேய்ந்தது என்று தூத்துக்குடியார் சொல்வர். கற்சுவர் நீளும்போது மணல் எங்கே ஒதுங்கும், வலை எங்கே விழும் என்பதை முன்னரே ஆராய்ந்து, பாதிக்கப்படுவோர்க்கு ஈடு எழுதிவைத்த பின்னரே கல் இறங்க வேண்டும். மலையடிவாரத்தில் இருந்து துறைமுகம் கேட்கும் நாம், இதையும் சேர்த்தே கேட்கிறோம்.

கேட்பது யாரிடம்? இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் இருப்பது விருதுநகர் மாவட்டம். பாராளுமன்றத் தொகுதியோ தென்காசி. துறைமுகம் இருப்பது தூத்துக்குடித் தொகுதி. பேல் ஒன்று, உறுப்பினர் மூவர்! மூவருக்கும் பொதுவான வேலை எவருக்கும் உரியதாகாமல் போவது இயல்பு. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவைத் தந்த ஊர், மூன்று உறுப்பினர்களை ஒரே மேசையில் அமரவைக்க இயலாத ஊரா?

அந்த மேசையில் வைக்கவேண்டிய கேள்விகள் இவை. வெளித்துறைமுகத்துக்கு மானியமாக இதுவரை கைக்கு வந்தது எத்தனை கோடி? அருப்புக்கோட்டைப் பாதையின் மீதிக்கு நிலம் எடுக்க இவ்வாண்டு எத்தனை? விருதுநகர்–தென்காசி இரண்டாம் தடத்துக்கு ஆய்வுப் பணம் உண்டா? இராஜபாளையத்துச் சரக்குக் கொட்டகை எந்த அமைச்சகத்தின் பொறுப்பு? பதிலை எழுத்தில் வாங்குங்கள். பிப்ரவரியில் பாராளுமன்றத்தின் மானியக் கோரிக்கை ஏடு வெளிவரும். அதில் துறைமுக அமைச்சகத்தின் பக்கத்தையும் இரயில்வேயின் பக்கத்தையும் எடுத்து, உறுப்பினர் எழுதித் தந்த பதிலோடு பக்கத்தில் பக்கமாக வைத்து, சத்திரப்பட்டிக் கிளைக் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். தறிக்காரர் வரும்படி மாலை ஏழு மணிக்கு மேல் கூட்டத்தை வையுங்கள்.